இருவரும் இடுப்பை அளந்து பாருங்கள்

(வல்லம் வடகாலில் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசியது)



"நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டாரு" என்று துக்க வீட்டில் சொல்கிறோம். அந்தத் 'திடீர்' பெரும்பாலும் பல வருஷமாக உள்ளே வளர்ந்ததுதான். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கி 5,209 பேரை வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை இவையெல்லாம் மாரடைப்புக்கு முன்னால் நடக்கிறவை என்று அதில் தெளிவாயிற்று.

நம் நாட்டில் 30 வயது தாண்டியவர்களுக்கு ஒரு கேள்விப் படிவம் இருக்கிறது. வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் பிரஷர், சர்க்கரை, இருதய நோய் உண்டா என்பதற்கெல்லாம் மதிப்பெண். நாலுக்கு மேல் போனால் உடனே பரிசோதனைக்கு வர வேண்டும். பள்ளிக்கூடம் மாதிரி இல்லை. இதில் மார்க் குறைந்தால்தான் நல்லது.

ஒரு தம்பதியைப் பார்ப்போம். அவருக்கு 42 வயது, கம்பெனியில் ஷிப்டு வேலை. வயதுக்கு 2, தினம் புகையிலைக்கு 2, இடுப்பு 94 சென்டிமீட்டருக்கு 1, நடையே இல்லாததற்கு 1. மொத்தம் 6. சரி, அவரை அழைத்துப் போவார்கள். அந்த அம்மாவுக்கு 38 வயது. பீடி இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் வயதுக்கு 1, இடுப்பு 92-க்கு 2, தாயாருக்குச் சர்க்கரை இருந்ததால் 2. ஐந்து! பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே மார்க் விழும். "எனக்கென்னங்க, நான் வீட்டுல இருக்கறவ" என்று அந்த அம்மா தானாக வரமாட்டார். ஐயா, நீங்கள்தான் கூட்டி வர வேண்டும்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஆறு. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நடக்காமல் இருந்தால் அப்படித்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார்கள். 40 வயது தாண்டியவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கென்று தனியாக வெளியிட்ட அட்டவணையும் உண்டு. அதில் 20 சதவீதம் என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். உங்களைப் போன்ற 100 பேரில் சுமார் 20 பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம் என்று அர்த்தம். அந்த இருபதில் நீங்கள் உண்டா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் புகையை விட்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பிரஷரை இறக்கினால் அந்த இருபதே குறையும். ஜோசியர் சொன்னதை இப்படி மாற்ற முடியுமா?

டேப் கொண்டு வந்திருக்கிறேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கி ஏமாற்றாதீர்கள்! முதலில் தாய்மார்கள் வாங்க.