தாலியா? தஸ்தாவேஜா?

(அமெரிக்காவில் நடந்த விவாகத்தின் பதிவைத் தேடிப் பெறுவது பற்றி ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



அமெரிக்க தேசத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அத்தாட்சி வேண்டுமானால் அதை எங்கே தேடுவது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கல்யாணத்தைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது இன்று அங்கே பிழைக்கப் போயிருக்கிறார். அப்படிப் போன ஓர் அம்மாளுக்கு, "நான் இவருடைய மனைவிதான்" என்று ருசுப்படுத்த வேண்டிய சங்கடம் வந்தது. அந்தச் சங்கதியை முதலில் சொல்லுகிறேன்.

அவர் டெக்சாஸ் மாகாணத்தில் வேலையிலிருந்தார். அங்கேயே நம்மவர் ஒருவரை மணந்துகொண்டார். இரண்டு பேரும் வேறு வேறு ஜாதி. ஐயர் இல்லை, ஓமப்புகை இல்லை, தாலியும் இல்லை. சில வருஷங்களில் கணவர் இறந்துபோனார். உடனே ஊரிலிருந்த பங்காளிகள், "தாலி கட்டாதவள் எப்படிப் பெண்டாட்டியாவாள்? கூட இருந்தவள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாஸ்திரத்தின் மேல் அவர்களுக்குத் திடீரென்று பக்தி வந்ததற்குக் காரணம் சாஸ்திரம் அல்ல, இறந்தவர் பங்குக்கு வரவேண்டிய நஞ்சை நிலம். அம்மாளிடம் இருந்ததோ பூவேலை செய்த ஒரு காகிதம் மாத்திரமே. அது மணத்தை நடத்திவைத்தவர் ஞாபகார்த்தமாகக் கொடுத்தது. சுவரில் மாட்ட உதவுமே தவிரக் கோர்ட்டுக்கு உதவாது.

அப்படியானால் எது உதவும்? அந்த நாட்டு முறையைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். அமெரிக்கா முழுமைக்கும் ஒரே விவாக ரிஜிஸ்டர் என்பது கிடையாது. மாகாணங்கள் 50. அவற்றுக்குள் நம் ஜில்லாவைப் போல 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. டெக்சாஸில் மட்டும் 254. கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் இருவரும் முதலில் கவுண்டிக் கிளார்க்கின் கச்சேரிக்குப் போய் லைசென்ஸ் வாங்க வேண்டும். டெக்சாஸில் அதை வாங்கிய பின் 72 மணி நேரம் பொறுத்திருந்து, 90 நாட்களுக்குள் மணத்தை முடிக்க வேண்டும். பாதிரியும் நடத்திவைக்கலாம், ஜட்ஜும் நடத்திவைக்கலாம். நடத்திவைத்தவர் அந்த லைசென்ஸில் கையெழுத்திட்டு, அதை 30 நாட்களுக்குள் அதே கவுண்டிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அது பதிவாகும். அந்தப் பதிவிலிருந்து கவுண்டி கொடுக்கும் முத்திரையிட்ட நகலே அத்தாட்சி. பாதிரி எத்தனை வேதவாக்கியம் சொன்னார் என்று அந்தக் கச்சேரியில் ஒருவரும் கேட்பதில்லை. கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இங்கேதான் நம் அம்மாள் தவறினார். மணம் ஒரு சிநேகிதர் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. அந்த வீடு இருந்த கவுண்டிக்கு எழுதினார். "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று பதில் வந்தது. பங்காளிகளுக்கு இது எப்படியோ தெரிந்து, பாயசம் வைக்காத குறைதான். உண்மை என்னவென்றால், டெக்சாஸில் எந்தக் கவுண்டியில் வாங்கிய லைசென்ஸும் மாகாணத்தின் எந்த இடத்திலும் செல்லும். ஆனால் பதிவு இருப்பது லைசென்ஸ் கொடுத்த கவுண்டியில். இவர்கள் அதை வாங்கியது வேலை செய்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த வேறு கவுண்டியில்! ஆகவே கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்காதீர்கள். லைசென்ஸ் எங்கே வாங்கியது என்று கேளுங்கள்.

அதுவும் ஞாபகமில்லையென்றால்? டெக்சாஸ் மாகாண சர்க்காரிடம் 1966 முதல் ஒரு அட்டவணை இருக்கிறது. இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தத் தேதியில் இந்தக் கவுண்டியில் பதிவு இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். அந்தக் கடிதம் வழிகாட்டிதான். நகலைக் கவுண்டியில்தான் வாங்க வேண்டும். இந்த முறை மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலிய இடங்களில் கவுண்டியே அல்ல, ஊர்க் கிளார்க்கிடம்தான் பதிவு. லூயிசியானாவில் கவுண்டிக்குப் பெயர் பாரிஷ். கலிபோர்னியாவில் இரகசிய விவாக லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. அதன் நகலைச் சாதாரணமாகத் தம்பதிகள் இருவரைத் தவிர வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

நிற்க, வெறும் காகிதத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள், அந்தக் காகிதம் மறுக்கப்பட்டவர்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அடிமைகளாய் இருந்த கறுப்பு மக்களின் கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. எஜமான் நினைத்தால் புருஷனை ஒரு பக்கமும் பெண்சாதியை ஒரு பக்கமும் விற்கலாம். மரணம் பிரிக்கும் வரை என்று சொல்ல வேண்டிய பாதிரிகளில் சிலர், மரணமோ தூரமோ பிரிக்கும் வரை என்று எஜமானனுக்குத் தோதாக மந்திரத்தையே மாற்றிக்கொண்டார்களாம். கடவுள் சாட்சியின் யோக்கியதையைப் பாருங்கள்! அடிமைத்தனம் ஒழிந்த பின் 1866-இல் வட கரோலினாவில் ஒரு சட்டம் வந்தது. கவுண்டிக் கிளார்க்கிடமோ நீதிபதியிடமோ போய், நாங்கள் எப்போது முதல் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். கட்டணம் 25 சென்ட். நேற்றுவரை தாங்களே ஒருவன் சொத்தாயிருந்தவர்கள் அந்தக் காசைத் தேடி எடுத்துக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்த வயதிலும் போய்ப் பதிந்துகொண்டார்கள். இன்று தங்கள் முன்னோர்களைத் தேடும் கறுப்பு மக்களுக்கு அந்தப் பதிவுகள்தான் பொக்கிஷம்.

இன்னொன்று. வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக்காரரும், வெள்ளையரல்லாத மில்ட்ரெட் என்ற அம்மையாரும் 1958 ஜூன் மாதம் மணந்துகொண்டார்கள். சொந்த மாகாணச் சட்டம் அதைத் தடுத்ததால் வாஷிங்டனுக்குப் போய் மணந்து, சர்டிபிகேட்டைப் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஜூலை மாதம் ஒருநாள் நடு இராத்திரியில் ஷெரீப் உள்ளே புகுந்தார். சுவரிலிருந்த சர்டிபிகேட் இங்கே செல்லாது என்றார். 1959-இல் ஓராண்டுச் சிறை விதித்து, 25 வருஷம் மாகாணத்தை விட்டு வெளியே இருந்தால் அதை நிறுத்திவைப்பதாகத் தீர்ப்பு. கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், ஆகவே கலக்கக்கூடாது என்று ஜட்ஜ் பின்னர் காரணமும் எழுதினார். நம் மனுதர்மக்காரர்கள் மட்டும்தான் இப்படிப் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள்! 1967 ஜூன் 12-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமுகமாக அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த கரோலைன் கவுண்டிக் கச்சேரியில் விவாகம் பதிவாகவில்லை. விவாகம் செய்துகொண்ட குற்றம்தான் பதிவாயிற்று.

நமக்கும் இது புதிதல்ல. புரோகிதன் இல்லாமல் நடந்த நம் கல்யாணங்கள் செல்லாதென்று கோர்ட்டில் சொல்லப்பட்டு, 1967-இல் இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்த்த பிறகுதானே, முன்னே நடந்தவையும் சேர்ந்து செல்லுபடியாயின?

இனிக் கேட்டு வாங்கும் விதத்துக்கு வருகிறேன். இருவர் பெயர், மணத்துக்கு முன் பெண்ணின் பெயர், தேதி அல்லது வருஷம், கேட்பவர் யார், நகல் எதற்கு என்பவற்றை எழுதி, கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். இப்போது பல கவுண்டிகளில் இணையத்திலேயே அட்டவணையைத் தேடலாம். "சான்றளித்த நகல்" என்று அழுத்திக் கேளுங்கள். சாதா நகலால் பயனில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை நம் பெயர்தான். அவர்கள் அட்டவணை குடும்பப் பெயரின் வரிசையில் இருக்கிறது. நமக்கோ முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு பெயர். ஒருவருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது, இன்னொருவருக்குச் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் முதற்பெயர் தெரியாது என்பதற்கு அடையாளமாக எப்.என்.யு. என்று போட்டுவிடுகிறார்கள், அதுவே பெயர் என்று எண்ணிக்கொள்ளும் குமாஸ்தாவும் உண்டு. இந்த அம்மாளின் கணவர், செத்துப்போன தம் தகப்பனார் பெயரில்தான் அட்டவணையில் இருந்தார்!

நகல் கைக்கு வந்ததும், இங்கே காட்டுவதற்கு அந்த மாகாணச் செயலாளர் கச்சேரியில் அப்போஸ்டில் என்ற முத்திரை பெற வேண்டும். 2005 முதல் இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது.

அம்மாளுக்கு நகலும் வந்தது, முத்திரையும் வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் "கூட இருந்தவள்" என்ற வார்த்தையைப் பங்காளிகளின் வக்கீலே விட்டுவிட்டார்.

இப்படிக் கடிதம் எழுத வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். பாஸ்போர்ட்டில் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருந்தது என்பதை எழுதி எடுத்து வாருங்கள். அது இல்லாமல் வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்.