சவரக் கத்தியைத் தேடிப் போன கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "2009 பேட்ச் சார்பா நீங்க பேசணும். இண்டஸ்ட்ரியில என்ன புதுசு வந்திருக்குன்னு பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். தலைப்பு கேட்டார். "சவரக் கத்தி" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அந்தப் பக்கம் அமைதி. பெரிய மனது பண்ணி அனுமதித்த அவருக்கு முதலில் என் நன்றி.

நான் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறவன். இரும்பை வெட்டுகிற முனைகளைத் தீட்டித் தருவதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. ஆனாலும் எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது என்பது 2023-ல்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் படுக்கை. ஒரு நாள் தாடி விடாதவர் அவர். நானே வழித்துவிடலாம் என்று என் மூன்று பிளேடு ரேஸரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கன்னம் தளர்ந்து தொங்கிப் போயிருந்தது. ரேஸர் ஓடுவதற்குப் பதில் தோல் கூடவே ஓடி மடிந்தது. இரண்டாவது இழுப்பில் ரத்தம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது சீக்கிரம் நிற்குமா? அரை மணி நேரம் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: "கத்தியில வழிக்கறவனக் கூட்டிட்டு வா."

அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

கோயமுத்தூரில் டவுன்ஹால், உக்கடம் பக்கம் பழைய சலூன்களில் விசாரித்தேன். சூலூர், பல்லடம் என்று வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். எல்லாக் கடையிலும் கத்தி இருக்கிறது. ஆனால் அது பிளேடைச் சொருகிக்கொள்கிற கத்தி. பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைச் சொருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுவார்கள். கல்லிலும் தோல் வாரிலும் தீட்டுகிற முழுக் கத்தி யாரிடமும் இல்லை. ஒரு கடைத் தம்பி சிரித்துவிட்டார். "அண்ணா, அதெல்லாம் எங்க தாத்தா காலம். இப்ப எடுத்தீங்கன்னா கஸ்டமரே எந்திரிச்சு ஓடிருவாரு."

அவர் சொன்னது நியாயம்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ல் கண்டறியப்பட்டது நம் சென்னையில். தமிழக அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் அமைந்தது. 'ஒரு ஆளுக்கு ஒரு புது பிளேடு' என்ற பேச்சு சலூன் சலூனாகப் போய்ச் சேர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக்கும் அதே காவல்தான். கில்லெட் 1904-லேயே ரேஸருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தும் நம் ஊர்ச் சவரக் கத்தி அசையவில்லை. கடைசியில் அதைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னது சுகாதாரம். அது சரியான முடிவு. இதில் யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

நடுவில் அக்கா மகனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனோம். 2021-லேயே கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு ஆக்கிவிட்டது. அங்கும் பிளேடுதான். ஆனால் திமிறி அழுகிற குழந்தையின் தலையை இடது கையால் ஏந்தி, ஒரு கீறல் இல்லாமல் சில நிமிடத்தில் இறக்கிவிட்டார் ஒருவர். நான் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அந்தக் கையை அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் உறவுக்காரர் ஒருவர் வழி சொன்னார். சென்னிமலை ரோட்டில் ஒரு பெரியவர். வயது எழுபத்தாறு. மகனுடைய சலூனில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை இந்த மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க தம்பி" என்றுவிட்டார். ஆகவே பெரியவர் என்றே சொல்கிறேன்.

"ஐயா, பழைய கத்தி வச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க. எந்த ஊருங்க நீங்க?"

ஊரைச் சொன்னேன். வீட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "உங்க அப்பாருக்கு நாந்தானுங்க வழிச்சுட்டிருந்தன். நீங்க அப்பச் சின்னப் பையன். வேப்ப மரத்தடியில நின்னு வேடிக்கை பாப்பீங்க."

எனக்கும் சட்டென்று நினைவு வந்தது. வேப்ப மரத்தடிக் கல்லில் அப்பாரு உட்கார்ந்திருப்பார். எதிரே ஒருவர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பித்தளைக் கிண்ணியில் இருக்கும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். பக்கத்தில் அடைப்பம் விரித்திருக்கும். கத்தியும் கத்தரியும் வைக்கிற பையை அப்படித்தான் சொல்வார்கள். இது நினைவு வந்தபோது இன்னொன்றும் கூடவே வந்தது. ஆறு வயதுப் பையன் நான், அந்த மனிதரைப் பெயர் சொல்லி, 'வாடா போடா' என்று கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டேன். "கடைக்குக் கூட்டிட்டு வாங்க, பண்றனுங்க. அடைப்பத்தத் தூக்கிட்டு ஊருக்குள்ள வரமாட்டனுங்க. அத விட்டு முப்பது வருசம் ஆச்சு" என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். ஊர்க் கூலி என்பது அறுவடைக்கு அறுவடை களத்தில் அளக்கிற தானியம். மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும். வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். யாருக்கு வழிக்கலாம், யாருக்கு வழிக்கக் கூடாது என்று ஊர் சொல்லும். "சேரிக்காரங்க தாடியோட வந்து நிப்பாங்க. எனக்கும் கை இருக்குது, கத்தி இருக்குது. பண்ணுனா ஊர்ல குடியிருக்க முடியாதுங்க. அதான் 1995-ல டவுன்ல வந்து சேரப் போட்டேன். சேர்ல யாரு உக்காந்தாலும் ஒரே காசு. அந்த வருசமே ஆஸ்பத்திரிக்காரங்க வந்து புது பிளேடு போடச் சொன்னாங்க. நல்லதாப் போச்சுன்னு பழைய கத்தியத் துணியில சுத்தி வச்சுட்டனுங்க."

நண்பர்களே, நான் எதைத் தேடிப் போனேனோ, அதை விட்டு விலகி வந்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வெற்றி. பழைய காலம் இனிமையானது என்று சொல்கிறோமே, கல்லில் உட்கார்ந்தவருக்கு அது இனிமை. எதிரே குத்துக்காலில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

நான் எழுந்தேன். "அப்பாவால எந்திரிக்க முடியாதுங்க. அதான் கேட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். படுக்கை என்று அதுவரை நான் சொல்லவில்லை. "அதை மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா?" என்று அவரும் எழுந்துவிட்டார்.

காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். முன் வாசல் வழியாக ஆசாரத்துக்குள் வந்தார். வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. வாய் கோணிக்கொண்டு, ரொம்பச் சிரமப்பட்டு ஒரு வார்த்தை சொன்னார். "வாங்க." அந்தக் கடைசி எழுத்துகளை அவருக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். குழறலில் யாருக்கும் தெரியாது. முக்கி முனகிச் சொன்னார். பெரியவர் குனிந்து கிண்ணியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

பழைய கத்தியை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் பிளேடைத்தான் உடைத்துச் சொருகினார். "சக்கரை இருக்குது, மாத்திரை சாப்புடறாரு. பழைய கத்தி வேண்டாமுங்க" என்றார். பிறகு நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. இடது கை விரல்கள் இரண்டும் தளர்ந்த கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்தன. தோல் பலகை மாதிரி நின்றது. கத்தி இறங்கியது. விரல் நகர்ந்தது. மறுபடி இழுத்தது. டூல் ரூமில் நாங்கள் முதலில் சொல்லித் தருவது என்ன? வேலைப் பொருளை அசையாமல் பிடி, அப்புறம் வெட்டு. கத்தி வலது கையில் இருக்கிறது. வித்தை இடது கையில் இருக்கிறது. ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவினார். அப்பா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது பழைய கத்தியைக் காட்டினார். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது, அவர் அப்பா வாங்கியது. இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கி வந்தேன். எனக்குப் பிடித்த பாடம் இங்கேதான். அந்தக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து, தீட்டும் கோணத்தைப் பதினாறு பதினேழு டிகிரி பக்கத்தில் தானே நிறுத்திவிடும். கோணம் வைக்கத் தனியாக ஜிக் வேண்டாம், முதுகுதான் ஜிக். தோலில் தீட்டும்போது முதுகு முன்னால் போகும், வாய் பின்னால் வரும். அதனால்தான் பெரியவர் உள்ளங்கையிலேயே தீட்டுகிறார், கை வெட்டுப்படுவதில்லை.

சரி, உருக்கை விட எவ்வளவோ மெத்தென்ற முடி எப்படிக் கத்தியை மழுக்குகிறது? 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விடை எழுதினார்கள். முடி உருக்கை விட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து சாய்வாகப் படும்போது, உருக்கின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் வாய் சில்லாகப் பெயர்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதுக்குத்தானுங்க மொதல்ல தண்ணி வச்சு நல்லாத் தேய்க்கறது. காஞ்ச முடி கத்தியத் தின்னுரும்" என்றார். தண்ணீரில் ஊறிய முடி இளகும் என்பது உண்மைதான்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அங்கே பழங்கால இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவின் மூசை உருக்கு 'வூட்ஸ்' என்ற பெயரில் லண்டன் வரை போனது. கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டும், நாம் மின்சாரத்தில் படித்த அதே மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்து 1820-ல் கட்டுரை எழுதினார்கள். ஃபாரடே தன் கலப்பு உருக்கில் சவரக் கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசாகக்கூடக் கொடுத்திருக்கிறார். நம் பெரியவர் ஜெர்மன் கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் உருக்கு உலை எரிந்திருக்கிறது.

கொங்கு நாட்டில் நாவிதரைக் 'குடிமகன்' என்று சொல்வது வழக்கம். நம் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்கிறவர் அவர்தான். அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சியாக வந்து எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர்கள். பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இவர்கள் வேண்டும், திண்ணையில் மட்டும் இடம் கிடையாது. நாட்டின் குடிமகன் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் சமமான பெயர். அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் அவருக்கு எங்கள் வாசலில் கிடைக்கவில்லை. டவுனில் போட்ட ஒரு சுழல் நாற்காலியில் கிடைத்தது.

முடிப்பதற்கு முன் நம் கல்லூரிக்கு வருகிறேன். ஹாஸ்டல் சைக்கிள் ஷெட் ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மடக்கு நாற்காலியோடு வருவாரே, என் பேட்ச்காரர்களுக்கு நினைவிருக்கும். கேம்பஸ் இண்டர்வியூ அன்று விடியற்காலையிலேயே வந்து, வரிசையாக எங்கள் முகத்தை மனுசன் முகமாக்கி அனுப்பியவர். அன்று எனக்கு வேலை கிடைத்தது. அவருக்குத் தர வேண்டிய காசை "அப்புறம் தர்றேன்" என்று சொன்னேன். தரவில்லை. இந்த உரைக்காக எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் என்னவென்று கேட்டேன். எல்லோருக்கும் முகம் நினைவிருக்கிறது. அந்த நாற்காலியின் கிழிந்த சீட் கூட நினைவிருக்கிறது. ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. நாலு வருடம் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்தவர்கள் நாம்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்குள் அவரைக் கண்டுபிடிப்போம். அலைகிற செலவு என்னுடையது. அவரோடு மெஸ் சமையல்காரர்கள், வாட்ச்மேன்கள், ஒர்க்‌ஷாப் உதவியாளர்கள் எல்லோரையும் இந்த மேடையில் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம். மலரில் அவர்கள் பெயரை அச்சடிப்போம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். இன்று சாயங்காலம், உங்களுக்குத் தினமும் ஏதோ ஒரு வேலை செய்து தருகிற ஒருவரிடம் போய், "உங்க பேரு என்னங்க?" என்று கேளுங்கள். அந்த "ங்க"வை மறக்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு அதைச் சொல்ல எழுபது வயது ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.