சண்முகநாதன் எந்த நாட்டுக்காரர்?

பின்னால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி, இறங்கி வந்து உட்காருப்பா, நாற்காலி காலியாக இருக்கிறது.

தமிழ் விழா மேடையில் ஹாக்கி பேசப்போகிறேன். ஆமாம், ஹாக்கிதான். இந்தப் பட்டியலைக் கேளுங்கள். ஸ்ரீ சண்முகநாதன், பாலசிங்கம், மகேந்திரன், பத்மராஜா. இவர்கள் எந்த நாட்டு அணி? வெளியூர்க்காரன் யாரைக் கேட்டாலும் ஒன்று இந்தியா என்பான், இல்லாவிட்டால் இலங்கை என்பான். இல்லை ஐயா! 1975 மார்ச் மாதம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், உலகக் கிண்ணத்தில், மலேசியா! அணித் தலைவர் யார்? ஸ்ரீ சண்முகநாதன். (கைதட்டல்)

அந்த அணியில் நம் பேர் மட்டுமா இருந்தது? கோல்காவலர் கைருதீன். பூன் ஃபூக் லோக், வோங் சூன் ஹின், பிரான்கோ டி குரூஸ், பிரையன் சந்தா மரியா. பயிற்றுநர் ஹோ கோ சாய். அத்தனை பேர் நெஞ்சிலும் ஒரே கொடி.

அரையிறுதியில் யாரோடு மோதினோம்? இந்தியாவோடு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கு இந்திய அணியிலும் ஒரு தமிழர் இருந்தார், சென்னைக்காரர். அவர் பேர் பிலிப்ஸ். வி.ஜே. பிலிப்ஸ்! சண்முகநாதன் மலேசியாவுக்கு, பிலிப்ஸ் இந்தியாவுக்கு. பேரை வைத்து நாடு கண்டுபிடிக்கிற ஆள் அன்று மெர்டேக்கா அரங்கில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் தவித்திருப்பான். (சிரிப்பு)

இரண்டுக்கு ஒன்று என்று நாம் முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடிய 5 நிமிடம்தான் பாக்கி. இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். அந்த இளைஞர் கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டார், அடித்தார், கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட்டார். மூன்றுக்கு இரண்டு. நாம் நான்காம் இடம், இந்தியா அந்த முறை உலக வெற்றியாளர். அந்த 5 நிமிடத்தைப் பற்றி நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் பல்லைக் கடிப்பார்கள். தோட்டத்து லயத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட தமிழன் அன்று யாருக்காக அழுதான்? மலேசியாவுக்காக அழுதான் ஐயா! இதைவிடப் பெரிய அடையாள அட்டை வேறு என்ன வேண்டும்? (பலத்த கைதட்டல்)

இந்த இடத்தில் ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பேர் சொல்லமாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்து மட்டை செய்து கொடுத்தார். கைப்பிடி வழுக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூப்பை நீளநீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுவார். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த தகப்பன்மார் அந்த மட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பய ஆடட்டும் சார்” என்பார்கள். அவரிடம் மறுபடியும் வருகிறேன்.

பேரும் நாடும் இப்படி மாறி நிற்பது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. 1971-இல் பார்சிலோனாவில் முதல் உலகக் கிண்ணம். நான்காம் இடம் கென்யா! ஆப்பிரிக்க நாடு, நட்சத்திரம் அவ்தார் சிங் சோஹால். ஆஸ்திரேலியாவுக்கு ஐந்து பியர்ஸ் சகோதரர்கள் ஆடினார்கள். வெள்ளைக்காரப் பேர், வந்ததோ இந்தியாவின் ஜபல்பூரிலிருந்து. இந்தியாவுக்கு நான்கு ஒலிம்பிக் ஆடி மூன்று தங்கம் வாங்கியவர் பேர் லெஸ்லி கிளாடியஸ். 1988-இல் சியோலில் பிரிட்டன் தங்கம் வாங்கியதே, இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் இம்ரான் ஷெர்வானி.

ஆனால் உகாண்டா கதையைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். 1972 ஆகஸ்ட். அந்த நாட்டின் ஹாக்கி அணி மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போகிறது, அணியில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். அதே ஆகஸ்டில் அதிபர் இடி அமின் சொல்கிறார்: ஆசியர்கள் எல்லாம் 90 நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அந்த நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஆடிய பிள்ளையைப் பார்த்து, உன் பேர் சரியில்லை, நீ வெளியே போ என்றார்கள். பேரைப் பார்த்து ஆளை அளந்தால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

நாம் அப்படிப் போகவில்லை. அதற்கு நான் இந்த மண்ணுக்கு நன்றி சொல்கிறேன். 2018 ஜகார்த்தா, ஆசிய விளையாட்டுப் போட்டி. மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் இந்தியா. இந்த முறை முடியப்போகிற நேரத்தில் சமன் செய்தது நாம்! இரண்டுக்கு இரண்டு. ஷூட்-அவுட். அந்தப் பக்கம் இந்தியக் கோல்காவலர் ஸ்ரீஜேஷ். இந்தப் பக்கம் நம் தம்பி, தம்பின் ஊர்க்காரர், குமார் சுப்பிரமணியம்! வயது 38. ஏழுக்கு ஆறு. நடப்பு வெற்றியாளர் இந்தியாவை இறுதி ஆட்டத்துக்குப் போகவிடாமல் நிறுத்தினோம். (நீண்ட கைதட்டல்) அன்று நம் பயிற்றுநர் யார்? ஸ்டீபன் வான் ஹூய்சன். பேரைக் கேட்டால் ஹாலந்துக்காரர் என்பீர்கள். நம் நாட்டுக்காரர் ஐயா! அவருக்கு அடுத்து வந்த ஓல்ட்மன்ஸ்தான் அசல் ஹாலந்துக்காரர்.

குமாருக்குப் பிறகு யார்? சொல்லுங்கள். சண்முகநாதன் காலத்தில் பட்டியல் படித்தால் நம் பேர் வரிசையாக வரும். இப்போது தேடவேண்டியிருக்கிறது. சீனப் பேரும் அப்படித்தான் குறைந்துபோனது.

போன மாதம் ஒருவர், எந்த மேடை என்று சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும், என்ன பேசினார்? நம் பிள்ளைகளுக்கு விளையாட்டில் நாட்டம் இல்லையாம், கைப்பேசியே கதியாம். அண்ணே, நாட்டம் இல்லை என்று எந்தத் திடலில் நின்று கண்டுபிடித்தீர்கள்? மாலை போட்டுக்கொள்ள வருகிறீர்கள், பரிசுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறீர்கள், பிள்ளைகள் களத்தில் இறங்கும்போது உங்கள் கார் பக்கத்து ஊர் பந்திங்கைத் தாண்டிவிடுகிறது. (ஆரவாரம்) பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். இடத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்!

1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது. அன்றோடு ஆட்டமே மாறிப்போனது. மண் திடலில் பந்து துள்ளும், நிற்கும், அதை அடக்க மணிக்கட்டு வேலை வேண்டும். நம் பிள்ளைகள் அதில் மன்னர்கள். புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். அதற்கு வேறு ஓட்டம், வேறு மட்டை, வேறு பழக்கம். அந்தத் தரை போட மில்லியன் கணக்கில் ரிங்கிட் வேண்டும். விளையாட்டுப் பள்ளிக்கும் நகரத்துக்கும் அது போனது. தோட்டத்துக்கு வந்ததா? தோட்டமே போய்விட்டது! கித்தா என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தாமான் குடியிருப்பு வந்தது. நம் சனம் பிரிந்து போனது, திடலும் கூடவே போனது.

ஜகார்த்தாவில் நாம் வென்ற அதே 2018-இல் நம் ஊர் ஜெஞ்சாரோம் உலகச் செய்தியில் வந்தது. எதற்கு? சீனப் பெருநாள் விளக்குப் பார்க்க நாடே வருகிற தோங் சென் கோயிலுக்காகவா? இல்லை. வெளிநாட்டு நெகிழிக் குப்பைக்காக. ராத்திரியில் அதைக் கொளுத்தினார்கள், நம் பிள்ளைகள் இருமினார்கள். ஊர் மக்கள் நாம் போராடித்தான் அந்தக் குப்பைத் தொழிற்சாலைகளை மூட வைத்தோம். உலகத்துக் குப்பையைக் கொட்ட இங்கே இடம் கிடைத்தது. நம் பிள்ளை பந்து அடிக்க இடம் இல்லை என்கிறார்கள்! (ஆரவாரம்)

பந்திங்கைப் பாருங்கள். அரை மணி தூரம்கூட இல்லை. ஒரு கம்பத்து வீட்டுப் பிள்ளைகள், சிடேக் சகோதரர்கள், உலகத்துக்கே பூப்பந்து காட்டினார்கள். முதலில் தகப்பன் இடம் கொடுத்தார், அப்புறம்தான் நாடு வந்தது.

அந்த வாத்தியாரும் அதைத்தான் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தோறும் வருகிறார். கையில் விசில், மிதிவண்டிக் கூடையில் பந்து. நம் பிள்ளை மட்டும் இல்லை, பக்கத்துச் சீனக் கிராமத்துப் பையன், கம்பத்துப் பையன், எல்லாருக்கும் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். யாரிடமும் பேர் கேட்டு அவர் பார்த்ததில்லை. “டேய் இடது பக்கம், ஓடு” என்பார், அவ்வளவுதான்.

தலைவர் ஐயா, பரிசு கொடுக்க வந்திருக்கும் பிரமுகர்களே, கேட்பது பெரிய அரங்கம் இல்லை. ஐவர் ஹாக்கிக்கு ஒரு சின்னப் புல்தரை. பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் சீன நண்பர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதுவோம். நான் கையெழுத்துப் போடுகிறேன். இன்று இரவே, மேடையை விட்டு இறங்கியதும், அந்த மூலையில் மேசை போட்டுத் தாள் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் வழிதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.