வேட்புமனுவும் ஞானஸ்நானப் பதிவேடும்



சமயச்சார்பற்ற அரசில் கிறிஸ்தவத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவுக்கு விடை தேடி நாம் ரோமாபுரிக்குப் பிரயாணப்பட வேண்டியதில்லை. நம் கோலார் தங்கவயல் சட்டமன்றத் தொகுதியின் சரித்திரமே போதும்.

ஷெட்யூல்டு வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்டிருந்த இத்தொகுதியில் 1967-ஆம் ஆண்டு வெற்றி பெற்ற எஸ். ராஜகோபால் அவர்கள், 1949-இல் கிறிஸ்தவரானவராகையால் ஆதிதிராவிடராகக் கொள்ளத்தக்கவரல்லர் என்று, எதிர்த்துப் போட்டியிட்ட சி. எம். ஆறுமுகம் அவர்கள் வழக்குத் தொடுத்தார். ராஜகோபால் இந்து சமயத்துக்குத் திரும்பிவிட்டதை ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், சாதியார் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது நிரூபணமாகவில்லை எனக் கூறி, அவ்வெற்றி செல்லாதென்பதை 1968-இல் உறுதிசெய்தது. 1972-இல் மறுபடியும் அவரே வென்றார், மறுபடியும் வழக்கு. இம்முறை, மாரியம்மன் கோயில் விழாவுக்கு அவர் அழைக்கப்பட்டதும், அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஆதிதிராவிட இந்துக்களென எழுதப்பட்டிருந்ததும் சாட்சியங்களாக ஏற்கப்பட்டு, 1975 டிசம்பரில் அவர் வெற்றி நிலைபெற்றது.

இவ்விருவரில் எவரையும் குறைகூற நான் முற்படவில்லை. ஒரு பிரஜை மக்கள் பிரதிநிதியாகலாமா என்பதை அறிய, அவர் எந்தக் கோயில் திருவிழாவில் நின்றார் என்று நீதிபதிகள் விசாரிக்கும்படி வைத்த, ஷெட்யூல்டு வகுப்பினர் என்னும் தகுதியை இந்து சமயத்தோடு பிணைத்த 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையே என் மனத்தை வருத்துகின்றது. அவ்வாணை 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேரூன்றிய மாரிக்குப்பத்தைக் கொண்ட நமக்கு அது மகிழ்ச்சியே. கிறிஸ்தவருக்கோ அவ்வாணை விரியவில்லை.

மதம் மாறினால் சாதி ஒழிந்துபோகும் என்பது அவ்வாணையின் அனுமானம். இங்கே சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்க்கு அது பொய்யென்று தெரியும். கழுத்தில் ஜெபமாலை அணிந்தவரும் நெற்றியில் திருநீறு பூசியவரும் ஒரே கேஜில் நெருக்கியடித்துச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ‘ஏர்-பிளாஸ்ட்’ என்று சுரங்கத்தார் சொல்லும் பாறைவெடிப்பு நேர்ந்தபோது, மேலே சாப்ட்டின் வாயிலில் கூடிய பெண்கள் எல்லா மதத்துப் பெண்களுமாக இருந்தார்கள்.

திருச்சபைக்கும் ஒன்று சொல்லவேண்டும். வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கம் வகுத்தவர்கள் நம்மவர்களே. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பாகம் பிரித்துக்கொண்டு, அரசின் வாயிலில் மட்டும் சமத்துவம் கேட்போமானால், அக்கோரிக்கை வலுவிழந்துபோகும். ஆகவே ஆயர்களும் குருமார்களும் தேர்தல்தோறும் எவருக்கு வாக்களிக்கலாம் எனக் குறிப்புக் காட்டுவதை விடுத்து, முதலில் அந்தப் பிரிவினைச் சுவர்களை இடித்துவிட்டு, பின்பு இவ்வாணையைத் திருத்தும்படி இடைவிடாது வாதாடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

தங்கவயல் சட்டமன்றத் தொகுதியும் கோலார் மக்களவைத் தொகுதியும் இன்றும் ஒதுக்கப்பட்டவையே. இவ்வூர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் இரண்டிலும் வாக்களிக்கலாம், இரண்டிலும் வேட்பாளராக நிற்க முடியாது.