கைகள் பேசும் மொழிக்கும் உரிமை உண்டு!

(வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே! தாய்மார்களே! தோட்டத்து வேலையை இடையில் விட்டு இங்கு வந்திருக்கும் கமக்காரப் பெருமக்களே! வைத்தியர்களே, ஆசிரியர்களே, என் தொழில்துறை நண்பர்களே!

மொழியுரிமை பற்றிப் பேசுமாறு இவ்வாசிகசாலையினர் என்னைப் பணித்தனர். மொழியுரிமை என்றதும் 1956ஆம் ஆண்டும், தனிச் சிங்களச் சட்டமும், அன்று தொட்டு நாம் நடத்திவந்த போராட்டங்களும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி இம்மேடையிலே பலர் பேசியிருக்கின்றனர், நானும் பேசியிருக்கின்றேன். ஆனால் எம் வீடுகளிலேயே வாழ்ந்தும் எம் மேடைகளில் பேசப்படாத இன்னொரு மொழி உண்டு. நாவினால் அன்றிக் கைகளினாலும் முகத்தினாலும் பேசப்படும் சைகை மொழியே அது. அம்மொழியைத் தம் மொழியாகக் கொண்ட ஒருவர் கடல் கடந்து செல்லும்போது அவருக்கு யார் துணை, எந்தச் சட்டம் துணை என்பதே இன்று என் பொருள்.

இப்பொருளை நான் தேடிச் செல்லவில்லை. அதுவே என் மேசையைத் தேடி வந்தது. சில மாதங்களுக்கு முன் வெங்காயத் தோட்டம் செய்யும் பெரியவர் ஒருவர் தம் மகனுடன் என் காரியாலயத்துக்கு வந்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலிருந்தே காது கேளாது. கனடாவில் வாழும் தமக்கையிடம் செல்வதற்கான விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு சத்தியக்கடதாசி வேண்டும் என்றனர். நான் கேட்க வேண்டியவற்றையெல்லாம் தந்தையிடமே கேட்டேன். மகனிடம் ஏதோ கேட்க முற்பட்டபோது, "அவனுக்கு ஒண்டும் விளங்காது ஐயா, எனக்குச் சொல்லுங்கோ" என்றார் பெரியவர். நானும் அதை ஏற்றுக்கொண்டேன்!

கடதாசி தயாராயிற்று. அதன் அடியில் வழமையான வாசகம் இருந்தது: இது உறுதியுரைப்பவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது. நான் கையொப்பமிடப் பேனாவை எடுத்தேன். அப்பொழுது அந்த இளைஞர் கை நீட்டிக் கடதாசியை வாங்கினார். அமைதியாக இறுதிவரை படித்தார். அவர் பிறந்த ஆண்டு தவறாக எழுதப்பட்டிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். பின் ஒரு துண்டுக் கடதாசியில், அழகான தமிழில், இவ்வாறு எழுதி என்னிடம் தந்தார்: "அங்கே வைத்தியரிடம் எனக்காக அக்காவின் மகன் பேசுவான் என்கிறார்கள். அவனுக்குப் பத்து வயது. என் நோயை ஒரு சிறுபிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?"

நண்பர்களே! இருபது ஆண்டுகளாக மன்றுகளிலே மொழியுரிமைக்காக வாதாடியவன் நான். அன்று என் மேசையிலேயே ஒரு மனிதரின் மொழியை மறுத்திருந்தேன். அவர் அந்தக் கடதாசியை வாங்கிப் படித்திராவிட்டால் என் கையொப்பம் ஒரு பொய்க்குச் சாட்சியாகியிருக்கும். அந்த இளைஞரின் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைவோம். சைகை என்பது உலகம் முழுவதற்கும் ஒன்றுதானே, காது கேளாதவர் எந்நாடு சென்றாலும் கைகளால் பேசிக்கொள்வாரே என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. சைகை மொழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொற்களும் தனி இலக்கணமும் உண்டு. 1960ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலொடெட் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, சைகை வெறும் அபிநயம் அன்று, அமைப்புடைய மொழியே என்று ஆராய்ந்து காட்டினார். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் காது கேட்பவர்கள் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் பிரித்தானிய சைகை மொழி வேறு, அமெரிக்க சைகை மொழி வேறு. ஒன்றைக் கற்றவருக்கு மற்றது விளங்காது. ஆங்கில எழுத்துக்களைக் கூட ஒருவர் இரு கைகளாலும் மற்றவர் ஒரு கையாலும் காட்டுவர்! ஆனால் இலண்டனிலிருந்து மெல்பேர்ண் செல்பவருக்கு இவ்வளவு இடர் இல்லை. அவுஸ்திரேலிய சைகை மொழி பிரித்தானிய சைகை மொழியின் நெருங்கிய உறவு. கனடாவிலோ ஒரே நாட்டிலே அமெரிக்க சைகை மொழியும் கியூபெக் சைகை மொழியும் வழங்குகின்றன. ஆகவே எம் பள்ளிகளிலே சைகை கற்ற ஒரு பிள்ளை ரொறன்ரோவில் இறங்கும்போது, ஆங்கிலம் அறியாத எம் மூதாட்டியர் அங்கே இறங்குவதைப் போன்றே மொழி தெரியாத நாட்டில் இறங்குகின்றது.

அப்படியாயின் அம்மொழிகளுக்கிடையே வழியே இல்லையா? உண்டு. 1816ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரத்துப் பள்ளியில் ஆசிரியராயிருந்த லோரான் கிளேர் என்னும் காது கேளாதவர், தோமஸ் கலொடெட் என்னும் அமெரிக்கருடன் கப்பலேறினார். ஐம்பத்திரண்டு நாட்கள் கடலிற் கழிந்தன. அப்பயணத்திலே கிளேர் ஆங்கிலம் கற்றார்; காது கேட்கும் கலொடெட் சைகை கற்றார். அமெரிக்கா சேர்ந்த பின் கிளேர் ஆங்கிலத்தில் எழுதிய உரையைக் கலொடெட் சபையோருக்கு வாசித்தார். 1817இல் ஹார்ட்பேர்ட் நகரிலே அவர்கள் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வளர்ந்ததே இன்றைய அமெரிக்க சைகை மொழி. இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கப்பலிலே காது கேளாதவர் மட்டும் பாடுபடவில்லை. காது கேட்பவரும் பாடுபட்டார். அந்தப் பாதிப் பாரத்தை நாம் சுமக்க மறுப்பதே இன்றுள்ள குறை.

இரண்டாவது தப்பெண்ணம், உறவினர் ஒருவர் கூட இருந்தாற் போதும் என்பது. இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லுகின்றேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே காது கேளாத ஒரு தாய் காலத்துக்கு முன்னரே இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். வைத்தியசாலையிலே சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஒரு குழந்தையின் இதயத் துடிப்புக் குறைகின்றது என்பதைத் தாதி கையசைவால் உணர்த்த முயன்றாள். பிறந்ததும் குழந்தைகள் உடனே எடுத்துச் செல்லப்பட்டன. நலமாயிருக்கின்றனர் என்ற ஒரு துண்டுக் கடதாசி தவிர வேறெதுவும் அத்தாய்க்குக் கிடைக்கவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

அத்தாயும் அவள் கணவரும், அவர்களைப் போன்று வைத்தியரோடு பேச முடியாதிருந்த மற்றொரு பெண்ணும் வழக்குத் தொடுத்தனர். வைத்தியம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இலவசமாக அளிக்கப்படுகின்றது, மொழிபெயர்ப்பு வைத்தியத்தின் பகுதி அன்று என்று அரசு வாதிட்டது. கீழ் மன்றங்கள் இரண்டும் அவ்வாதத்தை ஏற்றன. ஆனால் 1997ஆம் ஆண்டு ஒக்டோபரில் கனடா உயர் நீதிமன்றம் ஒருமித்த தீர்ப்பிலே அதனை நிராகரித்தது. வைத்தியரோடு பேசுவது வைத்தியத்தின் இன்றியமையாப் பகுதி. பேச வழி செய்யாமல் வைத்தியத்தை மட்டும் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மாகாணம் முழுவதற்கும் இதற்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 150,000 டொலர் என மதிப்பிடப்பட்டது. மாகாணத்தின் சுகாதாரச் செலவிலே அது நூற்றுக்கு 0.0025 வீதம்! எல்ட்ரிட்ஜ் வழக்கு என்று சட்டத்துறையினர் கூறுவது இதனையே. எம் இளைஞர் செல்லவிருக்கும் நாட்டின் சட்டம் இது.

சைகை தெரியும் என்று சொல்வோர் எல்லோரும் மொழிபெயர்ப்பாளர் ஆகார் என்பதையும் மறவாதீர்கள். 2013 டிசம்பர் 10ஆம் நாள் ஜொஹானஸ்பேர்க் நகரிலே நெல்சன் மண்டேலாவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. உலகத் தலைவர்கள் பேச, ஒருவர் அவர்கள் பக்கத்தில் நின்று கைகளை அசைத்துக்கொண்டேயிருந்தார். பார்த்த காது கேளாதோர் திகைத்தனர். அவர் காட்டியதில் பொருளே இல்லை! கேட்பவர்களுக்கு அது தெரியவில்லை. அதே தென்னாபிரிக்கா 2023ஆம் ஆண்டிலே தன் சைகை மொழியைப் பன்னிரண்டாவது அரசகரும மொழியாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, செல்பவரும் அனுப்புபவரும் செய்ய வேண்டியவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, புறப்படும் முன்னரே எழுதுங்கள். பெரும்பாலான நாடுகளிலே காது கேளாதோரின் தேசிய சங்கம் உண்டு. 1951ஆம் ஆண்டு ரோம் நகரில் நிறுவப்பட்ட உலகக் காது கேளாதோர் சம்மேளனத்தில் அவை இணைந்துள்ளன. மொழிபெயர்ப்பாளருக்கும் சங்கங்களும் பதிவேடுகளும் உண்டு. கனடாவிலே சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கம். அமெரிக்காவிலே 1964இல் ஆரம்பித்த மொழிபெயர்ப்பாளர் பதிவகம். அவுஸ்திரேலியாவிலே மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் தேசிய அதிகார சபை. சான்று பெற்றவரையே கேளுங்கள்.

இரண்டாவது, போய்ச் சேர்ந்ததும் அந்நாட்டுச் சைகை மொழியைக் கற்பதற்கு இடம் தேடுங்கள். அது கைவரும் வரைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. காது கேளாதவராகவே இருந்து மொழிபெயர்ப்புத் தொழில் செய்வோர் அந்நாடுகளில் உளர். புதிதாக வந்தவரின் சைகையையும் குறிப்பையும் ஊன்றிப் பார்த்து விளங்கி, அதனை அந்நாட்டுச் சைகையிலே காது கேட்கும் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பர். அவர் அதனை ஆங்கிலத்தில் வைத்தியருக்கோ நீதிபதிக்கோ சொல்லுவார். இத்தகையவர் வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சர்வதேச சைகை என்று ஒன்றும் உண்டு. அது மாநாடுகளிலும் நட்பிலும் உதவும். வழக்கு மன்றத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் அதனை நம்பியிராதீர்கள்.

மூன்றாவது, சிறு காரியங்களுக்குக் கைத்தொலைபேசி போதும். கடையிலும் பேருந்திலும் தமிழில் எழுதி ஆங்கிலத்தில் காட்டலாம். அமெரிக்க சைகையோ கியூபெக் சைகையோ கற்றபின், 2016 முதல் கனடாவில் நடைபெறும் காணொளி இடைத்தொடர்புச் சேவையிலே பதிந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாக எவருடனும் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம்.

நான்காவதும் முக்கியமானதும் இது: செலவு யாருடையது என்பதை அறிந்து செல்லுங்கள். எம் நீதிமன்றங்களிலே முதலியார் எழுந்து சாட்சியை மொழிபெயர்க்கும்போது அவருக்குச் சாட்சிக்காரரா கூலி கொடுக்கின்றார்? இல்லை. அதே நியாயம்தான் இங்கும். 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, மன்றின் மொழி விளங்காத குற்றவாளிக்கூண்டில் நிற்பவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளரை உறுதிசெய்கின்றது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகள், மொழிபெயர்ப்பாளருக்கான செலவை நோயாளியின் தலையில் சுமத்தலாகாது என்கின்றன. அவசர வேளை தவிர, சிறுபிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதையும் அவை தடுக்கின்றன. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் அவ்வாறே செலவை வலுவிழந்தவர் மீது போட இடந்தராது. ஆகவே கூச்சமின்றி, ஆனால் முன்கூட்டியே, எழுத்திலே கேளுங்கள். கேட்பது பிச்சை அன்று.

அன்பர்களே! கனடாவிலே எம் பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்கும் நாம், அதே உரிமையை எங்கள் கச்சேரியிலே கேட்டிருக்கின்றோமா? மொழி என்ற சொல்லுக்குள் சைகை மொழியும் அடங்கும் என்று வரைவிலக்கணம் கூறிய ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஒப்பமிட்ட கடதாசி கொழும்பிலே இருக்கின்றது. எம் வைத்தியசாலைகளிலும் மன்றுகளிலும் காரியாலயங்களிலும் அதன் பயனைக் கேட்க வேண்டியவர் நாமே. தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரச அலுவலக வாசலில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்த நிற்பின் வேதனை எமக்குத் தெரியாதா?

"ஊமை கண்ட கனவு" என்று ஒரு பழமொழி வழங்குகின்றோம். கண்டதைச் சொல்ல இயலாதவன் என்பது அதன் கருத்து. அந்த இளைஞரைக் கண்டபின் நான் அதனைச் சொல்வதில்லை. அவர் தம் கனவைச் சொல்லக்கூடியவர். அதைப் படிக்கத் தெரியாதிருந்தவன் நானே.

இன்று மூன்று வேண்டுகோள்களுடன் முடிக்கின்றேன். காது கேளாத பிள்ளையைப் பெற்ற தாய் தந்தையரே, பிள்ளையின் சைகையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கடல் கடந்து வாழும் எம் உறவுகளே, வருபவருக்கு விமானச் சீட்டு எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதுங்கள். என் தொழில்துறை நண்பர்களே, வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்ற வாசகத்தின் கீழ் கையொப்பமிடும் முன், எதிரே இருப்பவரின் முகத்தை ஒரு கணம் பாருங்கள்.

அந்தச் சத்தியக்கடதாசியை நான் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவரே படித்தார். ஐயம் வந்த இடத்தில் எழுதிக் கேட்டார். எழுதியே விடை கொடுத்தேன். வழமையாகப் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் அவருடைய உரிமை.