வெந்த கையும் மாட்டுத் தோலும்
(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் பேசுங்க" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். முறுக்கு வியாபாரத்தின் வரவு செலவை ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். அதை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். என் வலது கையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளி ஆர்டர். அடுப்பு ஒரு பக்கம் ஆடும், கல் வைத்து முட்டுக் கொடுத்திருந்தோம். இரும்பு ஸ்டாண்டு வாங்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதி, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளியது வேறு யாரும் இல்லை, அப்போது ஊக்குநராக இருந்த நான்தான். கல் நகர்ந்தது, சட்டி சாய்ந்தது. முன்கையிலும் புறங்கையிலும் கொதிக்கிற எண்ணெய்.

ஒருத்தி இட்லி மாவை அள்ளி அப்பினாள். இன்னொருத்தி இங்க் தேடி ஓடினாள். பாசத்தில் செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. "தண்ணி பட்டா கொப்புளிக்கும்" என்று சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகியதால் யாரும் அங்கே போகவில்லை. பிறகு டாக்டர் சொன்னார்: ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டியிருந்தால் சூடு உள்ளே இறங்குவது குறைந்திருக்கும். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மாவு வேண்டவே வேண்டாம். காய்ந்த மாவைச் சுரண்டி எடுத்தபோது பட்ட வலி, எண்ணெய் கொட்டினபோதுகூட இல்லை.

தோல் இரண்டு அடுக்கு. மேல்தோல் மெல்லிசு, அதன் அடியில் தடித்த அடித்தோல். அடித்தோலில் முடிவேர், வியர்வைச் சுரப்பி எல்லாம் கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் அங்கிருந்து மேல்தோல் திரும்ப வளர்ந்துவிடும். அடித்தோல் முழுக்க வெந்துபோனால் அது பழையபடி முளைக்காது. உடம்பு தழும்பை வைத்துப் புண்ணை இழுத்து மூடும். அந்த இழுப்பில் விரல் மடங்கிப் போகும், கழுத்து தாடையோடு ஒட்டும். எனக்கு முன்கை முதல் வகை. புறங்கை இரண்டாவது வகை.

முன்கைக்கு டாக்டர் ஒரு ஷீட் வைக்கலாம் என்றார். கவரிலிருந்து எடுத்துக் காட்டினார்கள், பால் ஆடை மாதிரி ஈரமாக, மெல்லிசாக இருந்தது. "இது எதுல செய்யறது சார்?" என்றேன். "மாட்டுத் தோல்ல இருக்கிற கொலாஜன்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எங்க அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த வாடைக்காக எங்கள் வீட்டில் தண்ணி குடிக்கத் தயங்கின சொந்தக்காரர்கள் உண்டு. அப்பா பதப்படுத்தின தோலில் இருந்ததும் இதே கொலாஜன் நார்தான். அழுகாமல் இருக்கப் பதம் போட்டால் செருப்பு, பை. முடி, கொழுப்பு, செல் எல்லாம் நீக்கி அந்தப் புரதத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்தால் புண்ணுக்கு மருந்து. சென்னை அடையாறில் 1948-ல் ஆரம்பித்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கும் பல காலமாக ஆராய்ச்சி நடக்கிறது. (மாட்டிலிருந்து, பன்றியிலிருந்து எடுப்பதெல்லாம் சிலருக்கு ஒத்துவராது. முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பில்லை.)

ஷீட் காய்ந்து கையோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தினமும் துணிக் கட்டைப் பிரிக்கும்போது அலறுவாள். எனக்கு அந்தப் பாடு இல்லை. அடியில் புதுத் தோல் வர வர, ஓரத்திலிருந்து நுங்குத் தோல் போலத் தானாகவே உரிந்து வந்தது. ஆனால் சீழ் வைத்த புண்ணுக்கு இது ஆகாது.

புறங்கைக்கு அது போதவில்லை. தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து வைத்தார்கள். அடித்தோலுக்கே பதிலாக வைக்கிற பொருளும் இருக்கிறதாம். அமெரிக்காவில் பாஸ்டனில் பர்க் என்ற அறுவை மருத்துவரும் யானாஸ் என்ற விஞ்ஞானியும் 1981-ல் அதை வெளியிட்டார்கள். மாட்டுக் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளும் சேர்த்து, ஸ்பாஞ்சு மாதிரி நுண்ணிய துளைகளோடு செய்தது, மேலே சிலிகோன் மூடி. வீடு கட்டச் சாரம் கட்டுகிறோம் இல்லையா, அப்படி. நம் செல்களும் ரத்தக் குழாய்களும் அந்தத் துளைக்குள் புகுந்து அடித்தோல் போல ஒன்றைக் கட்டும், சாரம் கரைந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூடியை எடுத்து மேலே மெல்லிய தோல் வைப்பார்கள். 1996-ல் அங்கே அரசு அனுமதியும் கிடைத்தது. விலையைக் கேட்டேன், அத்தோடு விட்டுவிட்டேன்.

பிரேசில் நாட்டில் ஃபோர்டலேசா ஊர் மருத்துவர்கள் நம்ம ஜிலேபி மீன் தோலைக் கிருமி நீக்கி வெந்த புண்ணில் வைக்கிறார்கள். மும்பையில் வாழை இலையை வேகவைத்து, தோல் எடுத்த இடத்தில் கட்டினார்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் மீன் உரிக்கக் கிளம்பாதீங்க!

இப்போ பணத்துக்கு வருகிறேன். ஷீட்டுக்கும் மற்றச் செலவுக்கும் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டோம். அந்தக் கூட்டத்தில் ஒரு அக்கா, "திருப்பிக் கட்ட அவளுக்குக் கை வேணுமே" என்றார்களாம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அது நியாயமான கேள்விதான். நாள் முழுக்க விரலை மடக்கி நீட்டி, இறுக்கமான கையுறை ஒரு வருஷம் போட்டு, 14 தவணையில் கட்டி முடித்தேன். கடைசித் தவணையை அந்த அக்கா கையில்தான் கொடுத்தேன்.

ஆகவே பேரவைக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன். எண்ணெய் வைக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் ஆடாத ஸ்டாண்டும் அடுப்பங்கரை வரை எட்டும் தண்ணீர் ஓஸும் சுழல் நிதியிலிருந்து வாங்கித் தர வேண்டும். தீக்காயத்துக்கு என்று ஆளுக்கு மாதம் 10 ரூபாய் தனியாகச் சேர வேண்டும், அதை எடுக்க அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஓட்டுக்கு விடுங்கள்.

டீ நேரத்தில் வாங்க, கையைத் தொட்டுப் பாருங்கள். ஷீட் வைத்த முன்கை எது, புறங்கை எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள்.