திரைக்குப் பின்னால்
(சிதம்பரம் சொற்பொழிவு)

இவ்வூரில் திரையை விலக்கி வெட்டவெளியைக் காட்டி, இதுதான் ரகசியம் என்கிறார்கள். ஜனங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். இதே காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுகிறவனோ, வெறுங்கிணறு கண்டால் வெறுங்கிணறு என்றே எழுதி வைக்கிறான். அவன் சோதிடனிடம் போகவில்லை. கடலுக்குள் ஒலியலையைச் செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு அடியிலுள்ள பாறை அடுக்குகளைக் கணிக்கிறான். அதையும் நம்பிவிடாமல் துளைத்துப் பார்க்கிறான். 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1985-ல். கருங்கல்லில் என்ன இருக்கும் என்பீர்கள். நம் கடலில் பி.ஒய்.1 என்னும் வயலில் வெடிப்பு விட்ட கருங்கல்லுக்குள்ளேயே வாயு இருந்தது. 2009-ல் எடுக்கத் தொடங்கினார்கள்!

சரி, எவ்வளவு கிடைக்குமென்று அளக்கிறவன், யாருக்கு நஷ்டமென்றும் அளக்க வேண்டாமா? 2020-ம் வருஷத்து வேளாண் மண்டலச் சட்டம் புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டார நிலங்களில் புதிதாக எண்ணெய் தேடுவதைத் தடுத்தது. அத்தடை கரையோடு நின்றுவிட்டது. வலை வீசும் கடலுக்கு இல்லை. ஆகவே, கடலில் அளந்த கணக்கு முழுவதையும் தமிழில் அச்சிட்டு, துளைக்கும் முன்பே மீனவர் குப்பங்களில் கொடுக்கும்படி கேளுங்கள்.